உயரத் தட்டில் மாடல் ரயில்: எந்த ஸ்கேல், எந்தத் தட்டு?

அறையின் நாலு சுவரையும் சுற்றி, கதவு நிலைக்கு மேலே ஒரு தட்டு அடித்து மாடல் ரயில் ஓட்ட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, “என் (N) ஸ்கேலா, எச்ஓவா (HO), ஓவா (O), ஜியா (G)?” என்பதுதான். ஸ்கேல் என்றால் நிஜ ரயிலை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறார்கள் என்ற அளவு; இந்த வரிசையில் என் மிகச் சிறியது, ஜி மிகப் பெரியது. மேசையில் ஓட்டுவதென்றால் கையில் இருக்கும் இடமும் பணமுமே அதற்குப் பதில் சொல்லிவிடும். உயரத் தட்டில் அது போதாது. கீழே நிற்பவர் கண்ணுக்கு ரயிலில் எவ்வளவு தெரியும் என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். தட்டு தரையிலிருந்து 210 செ.மீ. உயரம். பார்ப்பவரின் கண் 160 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, அவர் விளிம்பிலிருந்து 2 மீட்டர் தள்ளி நிற்கிறார். அவர் பார்வை விளிம்பைத் தாண்டியதும் 4 செ.மீ.க்கு 1 செ.மீ. வீதம் மேலே ஏறும். அதாவது, விளிம்பிலிருந்து 4 செ.மீ. உள்ளே ஓடும் ரயிலுக்கு அடியில் 1 செ.மீ. மறையும். கீழே விழாமலிருக்க விளிம்பில் 1.5 செ.மீ. தடுப்புச் சட்டம் அடித்தால் மொத்தம் 2.5 செ.மீ. போச்சு. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால், கண் 110 செ.மீ.க்கு இறங்கிவிடுவதால், 3.5 செ.மீ. மறையும்.

இப்போது ஸ்கேலைப் பாருங்கள். நிஜத்தில் 4.3 மீட்டர் உயரமுள்ள இன்ஜின், 1:160 என் ஸ்கேலில் 2.7 செ.மீ.தான். நின்று பார்த்தால் கூரை மட்டும் நகரும், உட்கார்ந்தால் சத்தம் மட்டும் வரும். என் ஸ்கேலை இங்கேயே விட்டுவிடலாம். 1:87 எச்ஓவில் அதே இன்ஜின் 5 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. சக்கரங்கள் போய்விடும், ஜன்னல் வரிசை பிழைக்கும். நீராவி இன்ஜின் பிரியர்களுக்கு இது பெரிய நஷ்டம், அவர்கள் காசு கொடுப்பதே அந்தச் சக்கரமும் தண்டும் ஆடுவதைப் பார்க்கத்தானே! 1:48 ஓவில் 9 செ.மீ. கிடைக்கும். ஜியில் 13 செ.மீ.க்குக் குறையாது, கவலையே இல்லை. தண்டவாளத்துக்கு அடியில் கார்க் தாள் போட்டால் எந்த ஸ்கேலுக்கும் சில மில்லிமீட்டர் திரும்பக் கிடைக்கும், சத்தமும் அடங்கும்.

அப்படியானால் ஜியே வாங்கிவிடலாமா? அதற்கும் செலவு இருக்கிறது, பணத்தில் மட்டுமல்ல. 1968இல் எல்ஜிபி என்ற ஜெர்மன் பிராண்ட் கொண்டுவந்த இந்த ஜியின் கேஜ், அதாவது தண்டவாள இடைவெளி, 45 மி.மீ. இது தோட்டத்தில் ஓடவும் ஏற்றது, அதனால் உறுதிக்குக் குறைவில்லை. ஆனால் அதன் மிகக் குறுகிய வளைவுக்கே ஆரம் 60 செ.மீ. ஒவ்வொரு மூலையிலும் பெரிய முக்கோணப் பலகை அடிக்க வேண்டும், சிறிய அறையில் அது தலைக்கு மேல் பரண் போட்ட மாதிரி இருக்கும். நடுவில் மூன்றாவது தண்டவாளமும் உள்ள ஓ கேஜ் இங்கேதான் முந்துகிறது. ஓ-36 என்று விற்கும் வளைவுக்கு விட்டமே 36 அங்குலம், ஆரம் 46 செ.மீ.தான். எச்ஓவில் 36 செ.மீ. ஆரத்துக்கும் வளைவு கிடைக்கும். நீளப் பெட்டிகள் அதில் அசிங்கமாகத் தெரியுமே என்று பயப்பட வேண்டாம். நாம் பார்ப்பது எப்போதும் வளைவின் உட்புறத்திலிருந்து. அங்கிருந்து பார்க்கையில் பெட்டிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி சுருங்கி, நேர்த்தியாகவே தெரியும். ஆனால் பெட்டியின் நடுப்பகுதி உட்பக்கம் பிதுங்கும். அது தடுப்பில் உரசாத அளவுக்கு இடம் விட்டாக வேண்டும்.

தடுப்பு எதற்கு என்பதையும் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். வேகமாக ஓட்டினால் ரயில் வளைவின் வெளிப்பக்கம் சாயும், அங்கே சுவர் இருக்கிறது. அறைக்குள் விழ வைப்பது வேறு விஷயம்: நீளமான ரயிலின் முன்பகுதியில் எடை குறைந்த பெட்டிகள் இருந்தால், வளைவில் இழுக்கும்போது அவை உட்பக்கமாக இழுபட்டுச் சரியும். கனமான பெட்டிகளை இன்ஜினுக்கு அடுத்தும் காலிப் பெட்டிகளைக் கடைசியிலும் கோத்தால் பாதி ஆபத்து போய்விடும். மீதிக்குத் தடுப்பு.

தட்டு எதில் செய்வது? ப்ளைவுட் எளிதில் வளையாது, அறுக்க எளிது. மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை விலை குறைவு, ஆனால் நாளடைவில் தொய்யும். கண்ணாடி மாதிரி இருக்கும் அக்ரிலிக் தட்டில் சக்கரம்கூடக் கீழிருந்து தெரியும், எச்ஓ வைத்திருப்பவர்களுக்கு ஆசையாக இருக்கும். ஆனால் அதுவும் தொய்யும், பிராக்கெட்டுகளை நெருக்கமாக அடிக்க வேண்டும், படியும் தூசியும் கீழிருந்து அப்படியே தெரியும். என் ஓட்டு நடுவழிக்கு: ப்ளைவுட் தட்டு, விளிம்பில் மட்டும் அக்ரிலிக் பட்டை. தடுப்பால் மறைந்த 1.5 செ.மீ. உடனே திரும்பி வந்துவிடும். இரண்டு மரச்சட்டங்களை இடைவெளி விட்டு ஏணி போல அடிப்பதும் உண்டு. ஜி தண்டவாளம் கெட்டியானது என்பதால் அதற்குப் பொருந்தும், எச்ஓவுக்கு நான் சொல்ல மாட்டேன்.

அப்புறம் மின்சாரம். தண்டவாளம் வழியாகக் கொடுத்தால் அதைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் ஏணியில் ஏறி. பித்தளைத் தண்டவாளம் கறுத்தால் மின்தொடர்பு கெடும். நிக்கல் சில்வர் என்ற உலோகக் கலவை அதைவிடத் தாங்கும். 3 மீட்டருக்கு 4 மீட்டர் அறை என்றால் சுற்று 13 மீட்டரை நெருங்கும். ஒரே இடத்தில் வயர் இணைத்தால் எதிர்ச்சுவரில் இன்ஜின் தளரும், நாலு சுவரிலும் இணைப்பு கொடுங்கள். பேட்டரியும் ரேடியோ கட்டுப்பாடும் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஜியிலும் ஓவிலும் அதற்குத் தாராளமாக இடமிருக்கிறது. எச்ஓ இன்ஜினுக்குள் திணிப்பது பொறுமைசாலிகள் வேலை.

அறை பெரிதாக இருந்தால் பேட்டரியில் ஓடும் ஜி, சிறிதாக இருந்தால் ஓ. எச்ஓ ஏற்கெனவே நிறைய வாங்கி வைத்திருப்பவர் அதை விற்க வேண்டியதில்லை, தட்டைக் கண்ணுக்குக் கீழே, 140 செ.மீ.க்கு இறக்கிவிடலாம். அப்போது கதவின் குறுக்கே கழற்றி மாட்டும் பாலம் ஒன்று வேண்டும். ரயில் ஓடும்போது யாரும் கதவைத் திறக்காமல் இருக்க ஒரு தாழ்ப்பாளும்.