சாரல் ஊரில் ஒரு பிரவுன் லெதர் சோபா: 14 மாதம் கழித்து எழுதுகிறேன்

போன வருஷம் மார்ச்சில் வாங்கினோம். மூன்று பேர் உட்காருகிற சோபா, பிரவுன் லெதர், 68,000 ரூபாய், ஏற்றி இறக்கிய கூலி தனி. கடை தென்காசிப் பக்கம். பெயர் போடப் போவதில்லை, சண்டை போட்டு முடித்தாயிற்று, இப்போது அந்த அண்ணாச்சியும் நாங்களும் பார்த்தால் பேசிக்கொள்கிறோம்.

வாங்கின வாரமே எழுதியிருந்தால் 5-க்கு 5 போட்டிருப்பேன். லெதர் சோபாவுக்கு அப்படி மார்க் போடக் கூடாது, அதுவும் செங்கோட்டையில் இருந்துகொண்டு போடவே கூடாது. ஜூன் பிறந்தால் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கும், கூடவே சாரல், ஆகஸ்ட் வரைக்கும் துவைத்த துணி காயாது, உப்பு ஜாடியில் தண்ணீர் விடும். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசி அடைமழை. இங்கே ஒரு சாமான் நல்லதா கெட்டதா என்று ஒரு மழை தாண்டித்தான் தெரியும்.

முதலில் வீட்டுக்குள் வந்த கதை. எங்களுடையது பழைய ஓட்டு வீடு, ஊர் 1956-இல் தமிழகத்தோடு சேர்வதற்கு முன்னால் கட்டியது, வாசல் நிலை 32 அங்குலம்தான். சோபா ஆழம் 36, உயரம் 33. கடையில் யாரும் நிலையை அளந்தீர்களா என்று கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வெயிலில் சோபா தெருவில் நிற்கிறது, எதிர்வீட்டுக் குழந்தைகள் அதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் வண்டி டிரைவர்தான் ஸ்பேனர் எடுத்து நான்கு காலையும் கழற்றி, மல்லாக்கப் படுக்கவைத்து, நிலையில் இருந்த மஞ்சள் குங்குமத்தையும் கொஞ்சம் உரசிக்கொண்டு உள்ளே தள்ளினார். அத்தை அதைப் பார்த்துவிட்டு, "ஏளா, மாட்டுத் தோலு மேல உக்காந்து எப்படிக் காப்பி குடிக்கது?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார்.

சரி, சோபா உட்கார்ந்துவிட்டது, இனி பட்டாசாலையை, அதாவது ஹாலை, அதற்கு ஏற்ற மாதிரி மாற்றலாம் என்று நான் செய்ததெல்லாம் தப்பு. பிரவுனுக்குப் பிரவுன் என்று காப்பிக் கலரில் திரைச்சீலை, கருந்தேக்கு நிறத்தில் டீப்பாய், மெரூன் கார்ப்பெட். எங்கள் வீட்டுத் தரை காவித் தரை, அறுபது வருஷத்துக்கு மேல் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆனது. சிவப்புத் தரை, மெரூன் கார்ப்பெட், அதன்மேல் பிரவுன் சோபா. புனலூரில் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரர் சனிக்கிழமை வந்து பார்த்து, "ரூம் சாவி எங்க குடுப்பாங்க?" என்றார். லாட்ஜ் வரவேற்பறை மாதிரியேதான் இருந்தது, கோபம் வந்தாலும் மறுக்க முடியவில்லை.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக எடுத்தேன். பெரிய மாற்றம் எதில் வந்தது என்றால் பல்பில். வெள்ளை வெளிச்ச எல்.இ.டி. போட்டிருந்தோம், பெட்டியில் 6500கே என்று இருக்கும், அந்த வெளிச்சத்தில் நல்ல தோலும் காய்ந்த வறட்டி மாதிரி சாம்பல் பூத்துத் தெரியும். 3000கே மஞ்சள் வெளிச்சத்துக்கு மாற்றினேன், அன்றைக்கு ராத்திரிதான் அந்த பிரவுனுக்குள் ஒரு கருப்பட்டி நிறம் இருப்பதே தெரிந்தது. மொத்தச் செலவு சோபா விலையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. சோபா வாங்க நினைப்பவர்கள் கடையின் விளக்கைப் பார்த்து ஏமாற வேண்டாம், உங்கள் வீட்டு விளக்கை முதலில் பாருங்கள்.

சுவருக்குச் சந்தன வெள்ளை. திரைச்சீலை கோராத் துணி. மெரூன் கார்ப்பெட்டைச் சுருட்டி மதினி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பத்தமடைக் கோரைப்பாய் ஒன்று விரித்தேன், பட்டுப்பாய் கிடையாது, சாதாரணமாகப் படுக்கிற பாய்தான். சிவப்புத் தரைக்கும் பிரவுன் தோலுக்கும் நடுவில் அந்த வைக்கோல் நிறம் வந்ததும் சோபா தரையைவிட்டு எழுந்து நின்ற மாதிரி இருந்தது. குஷனுக்குக் கடையில் காட்டிய தங்க நிற வெல்வெட்டை வேண்டாமென்று சொல்லி, அம்மாவின் கிழிந்த சுங்குடிச் சேலையை வெட்டித் தைத்தேன். கருநீலத்தில் வெள்ளைப் புள்ளி. பிரவுன் பக்கத்தில் நீலம் இவ்வளவு எடுப்பாக இருக்கும் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். மூலையில் பரணில் கிடந்த பித்தளைத் தவலையைப் புளி போட்டுத் தேய்த்து வைத்தேன், மஞ்சள் வெளிச்சம் அதில் பட்டுத் தோலில் விழுகிறது. அதற்குமேல் ஒன்றும் வைக்கவில்லை, வைக்க இடமும் இல்லை.

இப்போது சாரலுக்கு வருகிறேன். ஜூலை இரண்டாம் வாரம் நான்கு நாள் புனலூரில் இருந்துவிட்டுத் திரும்பினோம். வீடு பூட்டிக் கிடந்தது. விளக்கைப் போட்டால் உட்காருகிற மெத்தை மூன்றிலும் திருநீறு தூவிய மாதிரி வெள்ளைப் பூசணம். கிட்டே போய்ப் பார்த்தால் வட்டம் வட்டமாக, விரல் பட்டதும் எழும்புகிறது. ஒரு ஓரத்தில் மட்டும் உள்ளங்கை அளவுக்குத் தடித்துப் பச்சையாக இருந்தது. அங்கேதான் எங்கள் சித்தி, பளபளப்பு வரும் என்று தேங்காய் எண்ணெய் தடவியிருந்தார். அந்தக் கறை இன்னும் போகவில்லை, இனியும் போகாது. தோலுக்கு எண்ணெய் தடவாதீர்கள், யார் சொன்னாலும்.

வேடிக்கை என்னவென்றால் சாய்கிற பக்கத்திலும் கையிலும் ஒரு புள்ளிகூட இல்லை. அதே காற்று, அதே ஈரம். எனக்குச் சந்தேகம் வந்து முதுகு மெத்தையின் ஜிப்பைத் திறந்து உள்பக்கம் பார்த்தேன். வலை மாதிரி பின்னின துணி. உட்காருகிற மெத்தையின் ஜிப்பைத் திறந்தால் உள்பக்கம் சொரசொரவென்று மயிர் விட்ட மாதிரி நார், அது தோல். முதுகும் கையும் ரெக்சின்! பில்லில் இருந்தது 'லெதர் சோபா' என்ற இரண்டு வார்த்தை மட்டும்.

போன் போட்டதும் அண்ணாச்சி பதறவே இல்லை. "அக்கா, உக்காருத இடம் மட்டுந்தான் தோலு, எல்லாருக்கும் அப்படித்தான் போடுதோம், முழுசும் தோலுன்னா 95,000 ஆயிரும்லா" என்றார். இதை மார்ச்சில் சொல்லியிருந்தால் நான் இதையேதான் வாங்கியிருப்பேன், அதுதான் எரிச்சல். ரெக்சினில் தப்பில்லை, தோல் விலை வாங்கிக்கொண்டு சொல்லாமல் விட்டதுதான் தப்பு. ஆம்பூர்த் தோல், ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டது என்று அன்றைக்கு அவ்வளவு பேசினவர், இதை மட்டும் மறந்துவிட்டாராம். இத்தனைக்கும் மெத்தைத் தோலின் நிறமே மேலே பூசின சாயம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன், உறிஞ்சாமல் முத்து மாதிரி நின்றது, பூச்சில்லாத தோலென்றால் குடித்திருக்கும்.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். மறுநாளே ஆள் அனுப்பினார். அந்தப் பையன் மெத்தைகளைத் திண்ணைக்குத் தூக்கிப்போய் முதலில் காய்ந்த துணியால் துடைத்தான், அப்புறம் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியை நன்றாகப் பிழிந்து ஒற்றி எடுத்து, வெயிலில் வைக்காமல் ஃபேனுக்கு அடியில் ஒரு ராத்திரி காயவிடச் சொன்னான். மேற்குச் சுவர் மழையைக் குடிக்கிற சுவர், அதை ஒட்டிப் போட்டிருந்த சோபாவை அரை அடி முன்னால் இழுத்துப் போட்டதும் அவன்தான். காசு வாங்கவில்லை, காப்பி மட்டும் குடித்தான். ஐப்பசியில் பூசணம் வரவே இல்லை. வீடு பூட்டிப் போகாமல் இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மற்றபடி சோபா நன்றாகத்தான் இருக்கிறது. சட்டம் ரப்பர் மரம் என்று சொன்னார்கள், பூச்சி அரிக்காமல் மருந்து ஏற்றின மரமாம், 14 மாதத்தில் கிரீச் சத்தம் இல்லை, அரித்த மாவு உதிரவில்லை. மெத்தைக்குள் இருக்கிற 40 டென்சிட்டி, அதாவது அடர்த்தி கூடின, ஃபோம் இன்னும் குழி விழவில்லை. தையல் ஒரு இடத்தில் விட்டது, வந்து போட்டுக் கொடுத்தார்கள். ரெக்சின் எத்தனை வருஷத்தில் உரியும் என்பதுதான் பயம், கைப்பிடி மடங்குகிற இடத்தைத் தினமும் தடவிப் பார்க்கிறேன். பாயை ஜூன் முதல் தேதி சுருட்டிப் பரணில் ஏற்றிவிடுவேன், அதுவும் பூசணம் பிடிக்கிற ஜாதிதான். மூன்று மாதம் தரை வெறுமனே கிடக்கட்டும்.

சோபாவுக்கு 4, கடை சர்வீஸுக்கு 4, பேச்சுக்கு 1.

போன வாரம் கடை வழியாகப் போனபோது அண்ணாச்சி கூப்பிட்டு, ஜோடியாக ஒற்றை நாற்காலி இரண்டு போட்டுத் தரவா என்று கேட்டார். எது தோல், எது ரெக்சின் என்று பில்லில் எழுதித் தந்தால் பார்க்கலாம் என்றேன். சிரித்தார், பேனாவை எடுக்கவில்லை.