டாலிஸ் ஸ்கொலர்ஸ் இறுவட்டுகள்: எதில் தொடங்குவது

ஓர்கன் இல்லாமல், கீபோர்ட் இல்லாமல், சுருதிப்பெட்டிகூட இல்லாமல் ஒரு குழு ஒரு மணிநேரம் பாடினால் சுருதி எங்கே போய் நிற்கும் என்று கோவில் குவயரில் பாடுகிற எவருக்கும் தெரியும். பெரிய வெள்ளியன்று வாத்தியம் எதுவும் இல்லாதபோது, கொழும்பில் கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ இரண்டாம் சரணம் முடிவதற்குள் பாட்டு அரைச் சுரம் இறங்கிவிடும். அப்படிப் பாடிப் பழகியவர்கள், வாத்தியம் இல்லாமலே பாடுகிற டாலிஸ் ஸ்கொலர்ஸ் குழுவின் ஒலிப்பதிவுகளைக் கட்டாயம் கேட்க வேண்டும். சும்மா இனிமைக்காக இல்லை, பாடுகிறவர்களுக்கு அதில் படிக்க நிறைய இருக்கிறது.

1973இல் ஒக்ஸ்ஃபோர்ட்டில் மாணவராக இருந்த பீட்டர் பிலிப்ஸ் தொடங்கிய குழு இது. இசைதான் இந்தப் பாடகர்களுக்குத் தொழில். வழமையாகப் பத்துப் பேர் அளவில் நிற்பார்கள், ஒரு குரலுக்கு இரண்டு பேர். பாடுவது பெரும்பாலும் 15ஆம், 16ஆம் நூற்றாண்டுத் தேவாலய இசை. 1980களின் தொடக்கத்திலேயே கிமெல் என்று தங்களுக்கென ஒரு இசைத்தட்டு லேபிளையும் தொடங்கிவிட்டார்கள். அதனால்தானோ என்னவோ, இது விற்குமா என்று யாரிடமும் கேட்காமல் தாங்கள் நம்பிய இசையை மட்டும் பதிந்துகொண்டே வந்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

எல்லோரும் முதலில் போவது இசையமைப்பாளர் அலேக்ரியின் மிசெரேரே என்ற திருப்பாடலுக்கு. 1980இல் ஒக்ஸ்ஃபோர்ட்டின் மேர்ட்டன் கல்லூரிச் சிற்றாலயத்தில் பதிந்தது. உச்சியில் வரும் அந்த ஸி சுரம் ஐந்து தடவை வருகிறது, ஐந்து தடவையும் துளி சிரமம் தெரியாமல் வந்து நிற்கிறது. ஆனால் இதில் தொடங்க வேண்டாம் என்பேன். அந்த ஒரு சுரம் எப்போது வரும் என்று காத்திருப்பதிலேயே கவனம் போய்விடும், நடுவில் நடப்பது காதில் விழாது. அதே தட்டில் இன்னொரு இசையமைப்பாளர் பலஸ்த்ரீனாவின் மார்செல்லுஸ் திருப்பலியும் (பூசையில் பாடுகிற பகுதிகளுக்கான இசை) இருக்கிறது, இலத்தீன் சொல் ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்கிற இசை அது.

தொடங்க வேண்டியது இசையமைப்பாளர் ஜோஸ்கனின் பாஞ்சே லிங்குவா திருப்பலியில். நற்கருணை ஆசீர்வாதத்தில் பாடுகிற தாந்தும் எர்கோ, பாஞ்சே லிங்குவா என்ற பாடலின் கடைசி இரண்டு சரணம்தானே, அந்தப் பாடலின் பழைய மெட்டை எடுத்துத்தான் ஜோஸ்கன் முழுத் திருப்பலியையும் கட்டியிருக்கிறார். திருப்பலியின் முதல் பாட்டான கீரியேயில் முதலில் டெனர் (ஆண்களின் மேல்குரல்) தனியாகத் தொடங்கும், பின்னாலேயே பேஸ் (ஆண்களின் கீழ்க்குரல்) அதே மெட்டைப் பிடிக்கும், அப்புறம் மேற்குரல்களான சோப்பிரானோவும் ஆல்ட்டோவும் சேரும். புதுக்குரல் நுழைகிற இடத்தைக் கவனியுங்கள்: ஏற்கெனவே பாடிக்கொண்டிருப்பவர் கொஞ்சம் ஒதுங்கி வழிவிடுகிறார், ஆனால் சத்தம் குறைந்தது போலவே தெரியாது. பிறகு விசுவாசப் பிரமாணத்தில் ‘எத் இன்கார்னாத்துஸ் எஸ்த்’ (இறைமகன் மனித உரு எடுத்தார் என்ற வரி) வரும்போது, அதுவரை ஒன்றையொன்று துரத்திய நான்கு குரலும் ஒன்றாகச் சேர்ந்து அசைகின்றன. நம்புகிறவருக்கு அந்த இடத்தில் முழந்தாளிட வேண்டும் போல இருக்கும். 1987இல் கிராமஃபோன் சஞ்சிகையின் அந்த ஆண்டுக்கான சிறந்த இசைத்தட்டு விருது இதற்குத்தான் கிடைத்தது, பழங்கால இசைக்கு அந்த விருது போனது அதுவே முதல் தடவை.

அதே தட்டில் இன்னொரு திருப்பலி, பெயரே லா ஸொல் ஃபா ரே மி. சங்கீதம் படித்தவர்கள் அதை த ப ம ரி க என்று பாடிப்பார்க்கலாம். இந்த ஐந்து சுரம் மேலே, கீழே, வேகமாக, மெதுவாக என்று திரும்பத் திரும்ப வருகிறது, ஒரு இடத்திலும் சலிக்கவில்லை. ஹெர்குலெஸ் திருப்பலி இன்னும் சுவாரசியமானது: ‘ஹெர்குலெஸ் துக்ஸ் ஃபெர்ராரியே’ என்ற பிரபுவின் பெயரிலும் பட்டத்திலும் உள்ள உயிரெழுத்துகளைச் சுரமாக்கி, ரி ஸ ரி ஸ ரி ம க ரி என்று ஒரு மெட்டு. அந்த மெட்டின் மேல் ஒரு முழுத் திருப்பலி. இது வந்தது 2020இல், ஜோஸ்கனின் திருப்பலிகளை இந்தக் குழு பதிந்த வரிசையின் கடைசித் தட்டில். 18 திருப்பலிகள், 9 தட்டுகள், 34 வருட வேலை. எத்தனையோ பாடகர்கள் மாறியும் குரல் சேர்மானம் மாறவில்லை, அதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

குறையும் இருக்கிறது. சோப்பிரானோக்களின் ஒளி எல்லாத் தட்டிலும் ஒரே அளவு. புலம்பலையும் புகழ்ச்சியையும் கிட்டத்தட்ட ஒரே நிறத்தில் பாடுகிறார்கள், அடுத்தடுத்து மூன்று தட்டு கேட்டால் காது மரத்துப்போகும். குழுவுக்குப் பெயர் தந்த இசையமைப்பாளர் டாலிஸின் ‘ஸ்பெம் இன் ஆலியும்’ என்ற பாடலுக்கு நாற்பது குரல், ஐந்தைந்து பேராக எட்டுக் குழு. சுற்றிவர நின்று பாட வேண்டியதை இரண்டு ஸ்பீக்கரில் கேட்டால் நடுவில் குவிந்து கலங்கிவிடுகிறது. அது பாடகர்களின் பிழை இல்லை, ஆனால் காசு கொடுத்து வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று, கீரியே முடிந்த கையோடு குளோரியா, அதோடு விசுவாசப் பிரமாணம் என்று தட்டு ஓடிக்கொண்டே இருக்கும். கோவிலில் குளோரியாவுக்கும் விசுவாசப் பிரமாணத்துக்கும் நடுவே செபமும் வாசகமும் வரும். நான் ஒவ்வொன்றுக்கும் பிறகு நிறுத்திவிட்டுத்தான் அடுத்ததைக் கேட்கிறேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

காலி வீதிப் பக்கம் வீடு என்றால் 100ஆம் இலக்க பஸ் ஓடுகிற நேரத்தில் போடாதீர்கள், மெல்லிய இடங்கள் போய்விடும். இரவு, மின்விசிறியை நிறுத்தி, காதை மூடுகிற ஹெட்போனில் கேளுங்கள். வாங்கும்போது கையேடு இருக்கிற பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். இலத்தீன் வரிகளும் ஆங்கிலப் பொருளும் பக்கத்துப் பக்கமாக இருக்கும், பிலிப்ஸே எழுதிய குறிப்புகளும் இருக்கும். குவயர் மாஸ்டராக இருப்பவர்கள் பாஞ்சே லிங்குவாவின் கீரியேயை மட்டும் ஒத்திகைக்கு முன்னால் எல்லோருக்கும் போட்டுக்காட்டுங்கள், முதலில் டெனர்களை முன்வரிசையில் உட்காரவைத்து.