கீழக்கரைக் கடலில் ஃபிஷ் ஃபைண்டர்: சில வருட அனுபவம்

எங்கள் ஃபைபர் வள்ளத்தில் கார்மின் ஸ்ட்ரைக்கர் 4 என்ற ஃபிஷ் ஃபைண்டரைப் பொருத்திச் சில வருடங்கள் ஆகின்றன. தண்ணீருக்குள் ஒலி அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து ஆழத்தையும் தரையையும் மீனையும் திரையில் காட்டும் கருவி இது. சின்னத் திரை, கடல் வரைபடம் கிடையாது, ஜிபிஎஸ் உண்டு. கைத்தூண்டிலுக்குப் போகிறவர்களுக்கு இது போதும். வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: மீன் படம் போட்டுக் காட்டும் வசதியை வாங்கிய அன்றே அணைத்துவிடுங்கள். மிதக்கும் பாசி, நீர்க்குமிழி எல்லாவற்றுக்கும் அது மீன் படம் போடும். இந்தக் கருவியிடம் கற்றுக்கொள்ள வேண்டியது கடல் தரையை. பார் (கடலடிக் கல்திட்டு) எங்கே முடிகிறது, சேறு எங்கே தொடங்குகிறது என்று பிடிபட்டால், விளமீனையும் கலவாயையும் எங்கே தேடுவது என்பதும் பிடிபட்டுவிடும்.

தரையைப் படிக்க ஒரு வழி சொல்கிறேன். திரை எவ்வளவு ஆழம் வரை காட்ட வேண்டும் என்ற அளவைத் தானியங்கியில் விடாமல், இருக்கும் ஆழத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கையால் வையுங்கள். 12 மீட்டர் தண்ணீர் என்றால் 30 மீட்டர். கல் தரையில் ஒலி பலமாகத் திரும்பி வந்து, நீர்மட்டத்தில் மோதி, மறுபடி கீழே போய் வரும். அதனால் 12இல் ஒரு தடித்த கோடும், 24இல் மங்கலாக இன்னொரு கோடும் விழும். சேற்றில் ஒலி அமுங்கிவிடும். கோடு மெலிந்திருக்கும், இரண்டாவது கோடு பெரும்பாலும் வராது. சித்தப்பா அந்தக் காலத்தில் ஈயக்குண்டின் அடியில் சோப்பை அப்பி இறக்கி, ஒட்டி வருவதைப் பார்த்துத் தரை சொல்வார். இப்போது நான் திரை முன்னால் உட்கார்ந்தால் அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “கல்லாடா, சேறாடா?” சந்தேகமான இடத்தில் இன்றைக்கும் குண்டை இறக்கிப் பார்த்துவிடுவோம். இரண்டும் ஒத்துப்போகும்போது வரும் நம்பிக்கை எந்தக் கையேட்டிலும் கிடைக்காது.

அப்புறம் மீன். திரையின் வலது ஓரம் மட்டுமே இந்த நிமிடம். இடதுபக்கம் நகர்ந்துவிட்டதெல்லாம் வள்ளம் தாண்டி வந்த இடம். கருவி அனுப்பும் ஒலி கீழே போகப் போகக் கூம்பு மாதிரி விரியும். வளைவாகத் தெரிவது, அந்தக் கூம்புக்குள் நுழைந்து வெளியேறிய மீன். நங்கூரம் போட்டிருக்கும்போது வள்ளத்துக்கு அடியிலேயே நிற்கும் மீன் நீளக் கோடாகத்தான் வரும், வளைவை எதிர்பார்க்கக் கூடாது. சூடை, நெத்தலிக் கூட்டம் மேகம் மாதிரி திரளும்; அதன் ஓரத்தில் சாய்வாகக் கீறல்கள் விழுந்தால் பாறை மீனோ சீலா மீனோ விரட்டுகிறது என்று எடுத்துக்கொள்வேன். 200 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒலி அனுப்பும்போது கூம்பு குறுகல். 20 பாகை என்று கணக்கு வைத்தால் 10 மீட்டர் ஆழத்தில் மூன்றரை மீட்டர் அகலம்தான் தெரியும். அவ்வளவு பெரிய கடலில் அது ஒரு சின்ன வட்டம்.

சென்சிட்டிவிட்டியை, அதாவது எவ்வளவு மெல்லிய எதிரொலி வரை திரையில் காட்ட வேண்டும் என்பதைச் சரிசெய்ய, வள்ளம் நிற்கும்போது தூண்டில் ஈயத்தை நேராக இறக்குங்கள். ஈயம் இறங்குவது சாய்கோடாகத் திரையில் தெரிகிற வரை கூட்டுங்கள். திரை முழுக்கப் புள்ளி பூத்தால் கொஞ்சம் குறையுங்கள். இது கைவந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒலி அனுப்பும் முனையைப் பின்பலகையில் மாட்டுவதானால் புரொப்பெல்லருக்கு ஒரு முழமாவது தள்ளி மாட்டுங்கள். குமிழி பட்டால் ஓட்டத்தில் திரை வெறுமையாகிவிடும். வள்ளத்தைக் கரையில் இழுத்து ஏற்றுகிறவர்களுக்கு வெளியே மாட்டினால் உடையும் பயம் உண்டு. காற்றிடைவெளியோ ஃபோமோ இல்லாத கெட்டியான ஃபைபர் அடிப்பகுதி என்றால், உள்பக்கம் எபாக்ஸி பசை போட்டு ஒட்டலாம். ஒலி கொஞ்சம் குறையும், வெப்பநிலை சரியாகக் காட்டாது, ஆனால் ஆழமும் தரையும் கிடைக்கும். மரப்படகில் இது எடுபடாது. பேட்டரி முனைகளையும் பிளக்கையும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, வாசலின் தடவிவிடுவது என் வழக்கம். எங்கள் உப்புக்காற்றுக்கு அது இல்லாமல் முடியாது.

இன்னொரு பயனும் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. எல்லை தீவோடு நிற்பதில்லை, கரைப்பக்கம் 3.5 பாகம், கடல்பக்கம் 5 பாகம் ஆழம் வரை போகிறது. 5 பாகம் என்றால் ஏறக்குறைய 9 மீட்டர். முள்ளித்தீவு, அப்பா தீவுப் பக்கம் போகும்போது திரையில் ஆழம் கண்ணுக்கு முன்னால் இருப்பதால், எல்லைக்கு வெளியே நிற்பது எளிதாகிறது. அந்தப் பவளப்பார் இருந்தால்தான் வெளியே நமக்கும் மீன் வரும் என்பதால் இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

தொண்டி, தேவிபட்டினம் பக்கத்து நண்பர்கள் கேட்டால் என் பதில் வேறு. பாக் விரிகுடா பெரும்பாலும் ஆழமில்லாத கடல். 4 மீட்டர் தண்ணீரில் கூம்பு ஒன்றரை மீட்டர்கூட வராது. கடற்புல் படர்ந்த இடத்தில் தரைக்கு மேல் ஒரு மங்கலான பட்டை நின்று, அடியை ஒட்டிய மீனை மறைத்துவிடும். அங்கே தொழில் செய்கிறவர்கள் அந்தப் பணத்தில் ஒரு நல்ல ஜிபிஎஸ் வாங்கலாம்.