ஸ்லோ குக்கரும் குளிர்கால சோலெண்டும்: மருத்துவம் படிக்கிறவர்களுக்கு

வார்டு டியூட்டி முடிந்து விறைத்துப்போய் அறைக்கு வரும்போது அடுப்பைப் பற்றவைக்கக்கூடத் தெம்பு இருக்காது, அப்போது கதவைத் திறந்ததும் கறி வாசனை வந்தால் வேறென்ன வேண்டும்? அதற்காகவே ஸ்லோ குக்கர், அதாவது மெல்லிய சூட்டில் மணிக்கணக்காகத் தானே வேகவைக்கும் மின்சாரப் பாத்திரம், வாங்கலாம்.

இதில் செய்ய சோலெண்டை மிஞ்ச எதுவும் இல்லை. கிழக்கு ஐரோப்பிய யூத வீடுகளின் சனிக்கிழமைச் சாப்பாடு அது. ஓய்வுநாளில் தீ மூட்டக்கூடாது என்பதால் வெள்ளிக்கிழமை சூரியன் மறையுமுன்பே மாட்டிறைச்சி, பார்லி, ராஜ்மா மாதிரியான காய்ந்த பீன்ஸ், உருளைக்கிழங்கு எல்லாம் போட்டு மறுநாள் மதியம் வரை மெல்லிய சூட்டில் விட்டுவிடுவார்கள். இந்தக் குக்கரை உருவாக்கிய இர்விங் நாக்சனுக்கு யோசனை வந்ததே லித்துவேனியாவில் சோலெண்ட் சமைத்த கதையை வீட்டில் கேட்டுத்தான். 1940இல் காப்புரிமை, 1971இல் கிராக்-பாட் என்ற பெயரில் விற்பனை.

வெங்காயத்தை மட்டும் முதலில் நன்றாகச் சிவக்க வதக்கிக்கொள்ளுங்கள். இரவு முழுக்க 'லோ'வில் கிடந்தால் பார்லி கரைந்து குழம்பு கெட்டியாகும், கறி கரண்டி பட்டதும் நார்நாராகப் பிரியும், உருளைக்கிழங்கு பழுப்பேறி உள்வரை சாறு இறங்கியிருக்கும். மறுநாள் இன்னும் ருசி.

ஆனால் ராஜ்மாவை நேராகப் போடாதீர்கள். இந்தச் சூட்டில் அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் அழியாது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 10 நிமிடமாவது கொதிக்கவைத்து அப்புறம் சேருங்கள். பீங்கான் பாத்திரம் நல்ல கனம், சூடாக இருக்கும்போது பச்சைத்தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும்.