ரெஸில்மேனியா 17: ஆட்டம் அபாரம், ஆஸ்டினை வில்லனாக்கிய விதம் சறுக்கல்

2001 ஏப்ரல் 1, டெக்சாஸின் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம் அரங்கில் நடந்த மல்யுத்தப் பெருநிகழ்ச்சி. முழு நிகழ்ச்சியையும் இன்றும் தயங்காமல் பார்க்கலாம். ஏணி, மேசை, நாற்காலி மூன்றும் புழங்கும் டிஎல்சி ஆட்டம் ஒன்றே கொடுத்த காசுக்குப் போதும். கடைசியில் வரும் ஸ்டீவ் ஆஸ்டின்-தி ராக் மோதல் ஏறக்குறைய அரை மணி நேரம், எங்கும் தொய்வில்லை. சிக்கல் அதன் முடிவில், நாயகன் ஆஸ்டினை வில்லனாக்கிய திருப்பத்தில்தான்.

விதையை ஒழுங்காகத்தான் ஊன்றியிருக்கிறார்கள். மணி அடிக்கும் முன்பே தகுதிநீக்கம் கிடையாது, அதாவது நாற்காலியால் அடித்தாலும் தோல்வி இல்லை என்று திடீர் அறிவிப்பு. ஆட்டம் முற்றும்போது நிறுவன முதலாளி வின்ஸ் மெக்மேன் ரிங் அருகே வருகிறார். ஆஸ்டினின் தோளைத் தரையோடு அழுத்தி ராக் பின் போட்டதும், ராக்கை இழுத்துவிடுகிறார். பிறகு ஆஸ்டினுக்கு இரும்பு நாற்காலி எடுத்துத் தருகிறார். வருடக்கணக்கில் அடித்துத் துவைத்த அதே முதலாளியோடு கைகுலுக்கி, பீர் குடிக்கிறார் ஆஸ்டின். இதைவிடப் பெரிய துரோகம் அந்தப் பாத்திரத்துக்கு இல்லை.

ஆனால் டெக்சாஸ் ஆஸ்டினின் சொந்த மண். சொந்த ஊர்க் கூட்டம் தன் பிள்ளையை விட்டுக்கொடுக்குமா? ராக் வந்தபோதே கூச்சலிட்டு எதிர்த்தவர்கள், அவர்மேல் விழுந்த ஒவ்வொரு நாற்காலி அடிக்கும் ஆரவாரம் செய்தார்கள். அடிவாங்குபவர்மேல் இரக்கம் வராவிட்டால் அடிப்பவர் வில்லனாக மாட்டார்.

1996 ஜூலை 7, டேடோனா பீச்சில் இன்னொரு நாயகன் ஹல்க் ஹோகன் வில்லனாக மாறியதை இதோடு வைத்துப் பாருங்கள். கூட்டம் காப்பாற்றச் சொல்லிக் காத்திருந்த நேரத்தில் சக வீரர் ராண்டி சாவேஜ்மேல் காலைப் போட்டு விழும் தன் லெக் டிராப் அடியை இறக்கினார். அதோடு நிற்காமல் மைக்கை வாங்கி ரசிகர்களையே திட்டினார். ரிங் முழுக்கக் குப்பை வந்து விழுந்தது. ஆஸ்டினின் பகை ராக்கோடு மட்டும். பார்வையாளர்களிடமிருந்து அவர் எதையும் பறிக்கவில்லை.

அடுத்து நடந்ததும் உதவவில்லை. ரெஸில்மேனியாவுக்கு மறுநாள் கூண்டு ஆட்டத்தில் டிரிபிள் ஹெச் என்ற வீரரும் ஆஸ்டின் பக்கம் சேர்ந்து ராக்கை அடித்துப் போட, ராக் படப்பிடிப்புக்குப் போய்விட்டார். பழிவாங்க வேண்டியவரே களத்தில் இல்லை! மே மாதம் டிரிபிள் ஹெச்சுக்குத் தொடைத்தசை கிழிந்ததும் கூட்டணியும் உடைந்தது. ரெஸில்மேனியா அன்றே வின்ஸுக்குத் தன் முத்திரை அடியான ஸ்டன்னரைப் போட்டிருக்க வேண்டும் என்று ஆஸ்டினே பின்னாளில் வருந்திச் சொன்னார்.

ஆட்டத்துக்கு 5க்கு 5. திருப்பத்துக்கு 2, அதுவும் அந்த நாற்காலி அடிகளில் ஆஸ்டின் காட்டும் வெறிக்காக.