மோர்ஸ் பழக பஸ்ஸரா, 555-ஆ?

மோர்ஸ், அதாவது புள்ளி, கோடு ஒலிகளால் எழுத்துகளை அனுப்பும் முறை பழக இரண்டு கிட்கள் உண்டு. ஒன்பது வோல்ட் பேட்டரி, ஒரு ஆக்டிவ் பஸ்ஸர் (மின்சாரம் கொடுத்தாலே தானாக ஒலிக்கும் வகை), சாவி (அழுத்தும்போது மட்டும் மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்). மூன்றையும் வரிசையாக இணைத்தால் முதல் கிட் தயார். பத்து நிமிட வேலை. பஸ்ஸர் 9 வோல்ட் தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். குறை அதன் குரல்தான். பெரும்பாலும் 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கீச்சிடும். அரை மணி நேரம் கேட்டால் வீட்டில் உள்ளவர்களே பேட்டரியைப் பிடுங்கிவிடுவார்கள்.

இரண்டாவது, 555 டைமர் என்ற சிறு சிப்பை வைத்து ஒலி எழுப்பும் கிட். இதில் சுருதி நம் கையில். 10 கிலோ ஓம், 100 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டால் சுமார் 690 ஹெர்ட்ஸ் வரும். வானொலியில் மோர்ஸ் கேட்பவர்கள் விரும்பும் சுருதி கிட்டத்தட்ட இதுதான். 100 கிலோ ஓமுக்குப் பதில் பொட்டென்ஷியோமீட்டர் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) வைத்தால் காதுக்கேற்பத் திருப்பிக்கொள்ளலாம்.

சாவியை மின்வழியில் வைக்காமல், 555-இன் நாலாவது காலுக்கும் (ரீசெட்) பேட்டரியின் பிளஸ்ஸுக்கும் நடுவே வையுங்கள். அந்தக் காலிலிருந்து கிரவுண்டுக்கு (பேட்டரியின் மைனஸ்) 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் வேண்டும். மின்வழியில் பெரிய கெப்பாசிட்டர் இருந்தால் சாவியை விட்ட பிறகும் ஒலி இழுத்துக்கொண்டு சாகும். வேகமாக அடிக்கும்போது புள்ளி எது, கோடு எது என்றே குழம்பும்.

சாலிடரிங் புதிதா? சரி, பஸ்ஸரில் கை பழகட்டும். தினமும் பயிற்சி செய்வதென்றால் நான் 555-ஐத்தான் எடுப்பேன்.