மனநல முதலுதவிப் பயிற்சி: விடுதி ஆர்.ஏ.க்களுக்கு இது போதுமா?

அமெரிக்கப் பல்கலைக்கழக விடுதியில் ஆர்.ஏ. (ரெசிடென்ட் அசிஸ்டென்ட்) என்பவர் நம் ஊர் வார்டன் போல அல்ல. அவரும் மாணவர்தான். தங்கும் அறை பெரும்பாலும் இலவசம், பல இடங்களில் சாப்பாடும் உண்டு; பதிலுக்குத் தன் தளத்துப் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு அறைக்குள் ஒருவர் தேம்பி அழுதால் முதலில் போய்க் கதவைத் தட்டுவது அந்தப் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைதான். அந்த நேரத்துக்கு உதவுகிறதா என்று பார்த்துத்தான் எந்தப் பயிற்சிக்கும் மதிப்பெண் போட வேண்டும்.

மனநல முதலுதவிப் பயிற்சி 2000-இல் ஆஸ்திரேலியாவில் பிறந்தது. அமெரிக்காவில் பெரியவர்களுக்கான வகுப்பு ஏறக்குறைய ஒரு முழு நாள். சான்றிதழ் 3 ஆண்டு செல்லும். ஆபத்து இருக்கிறதா என்று பார், குறைசொல்லாமல் கேள், நம்பிக்கையும் தகவலும் கொடு, நிபுணரிடம் போகத் தூண்டு, மற்ற ஆதரவையும் காட்டு என ஐந்து படிகள். இதில் மிகச் சிறந்த பகுதி, “தற்கொலை செய்துகொள்ளத் தோன்றுகிறதா?” என்று சுற்றிவளைக்காமல் கேட்கப் பழக்குவது. அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம் பலருக்கு உண்டு. அந்தப் பயத்தைப் போக்குகிறது என்பதற்காகவே இதை வாங்கலாம்.

ஆனால் இதோடு நின்றால் போதாது. 32 கல்லூரி, பல்கலைக்கழகங்களின் விடுதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துச் செய்த ஆய்வு ஒன்று 2014-இல் வெளிவந்தது. பயிற்சி பெற்ற ஆர்.ஏ.க்களுக்குத் தங்கள் அறிவின் மேலும் திறமையின் மேலும் நம்பிக்கை கூடியது. அவர்கள் பார்த்துக்கொண்ட மாணவர்கள் சிகிச்சைக்குப் போவதில் மட்டும் மாற்றம் தெரியவில்லை. நாள் முடிவில் நிரப்பித் தரும் கருத்துப் படிவத்தில் ஐந்துக்கு ஐந்து வந்தாலும், அது நடத்தை மாறியதற்குச் சான்று ஆகாது.

இந்த இடைவெளியை நிரப்புவது ஒத்திகை. ‘பிஹைண்ட் க்ளோஸ்டு டோர்ஸ்’ என்று பல வளாகங்களில் நடக்கிறது: பழைய ஆர்.ஏ.க்கள் அறைக்குள் நடிப்பார்கள், புதியவர் கதவைத் தட்டிச் சமாளிக்க வேண்டும். ஆறேழு பேர் கொண்ட குழு, காட்சி 5 நிமிடம், பேசி அலசுவது 10 நிமிடம் என்று வைத்தால் சரியாக வரும். சொதப்புவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, நடிப்பவர்கள் மிகையாகக் கத்தி நாடகமாக்கிவிடுவது. இன்னொன்று, நேரம் போதவில்லை என்று அலசலை வெட்டுவது. காட்சிகளும் பெரும்பாலும் போதைப்பொருள், பெரும் சண்டை என்றே இருக்கின்றன. சாப்பிட வராத, வகுப்புக்குப் போகாத, “ஒண்ணுமில்ல, தூக்கம்தான்” என்று சொல்லும் மாணவரை அவ்வளவாகக் காட்சியாக வைப்பதில்லை. ஆர்.ஏ.க்கள் அதிகம் சந்திப்பது அவரைத்தான்.

ஒத்திகையில் கட்டாயம் பிடித்துத் திருத்த வேண்டிய தவறு: “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று வாக்குக் கொடுப்பது. உயிருக்கு ஆபத்து, பாலியல் வன்முறை போன்றவற்றை ஆர்.ஏ. பொதுவாக மேலே தெரிவித்தாக வேண்டும். பேச்சு தொடங்கும்போதே, “சில விஷயங்களை நான் மேலே சொல்ல வேண்டியிருக்கும், ஆனால் உங்களைத் தனியாக விடமாட்டேன்” என்று வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். கையில் கொடுக்கும் அட்டையில், தற்கொலைத் தடுப்பு உதவிக்கான அமெரிக்கத் தொலைபேசி எண் 988 இருக்கிறதா என்றும் பாருங்கள். 2022 ஜூலைக்கு முன் அச்சடித்ததில் பழைய நீண்ட எண்தான் இருக்கும்.

எல்லாவற்றையும் ஆகஸ்டில் ஒரே மூச்சில் திணிப்பது அடுத்த கோளாறு. அக்டோபர் இடைத்தேர்வு வரும்போது பாதி மறந்திருக்கும். செப்டம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் 90 நிமிட மறுபயிற்சி வையுங்கள். மதிப்பீட்டையும் அப்போதே எடுக்கலாம்: மூன்று மாதத்தில் ஒவ்வொரு ஆர்.ஏ.வும் எத்தனை பேரிடம் நேரடியாகக் கேட்டார், எத்தனை பேரை ஆலோசனை மையம் வரை கூடவே அழைத்துப்போனார். மையத்திடம் பெயர் கேட்கக் கூடாது; விடுதிவாரியான எண்ணிக்கை போதும்.

ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், முழுநாள் வகுப்பைத் தலைமை ஆர்.ஏ.க்களுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, மிச்சத்தை ஒத்திகைக்குச் செலவிடுங்கள்.